குண்டும் வாளும்: தேசிங்குராசன் கதைப்பாடலில் வீரச்சாவு – இலியத் காப்பியத்தோடு ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

செஞ்சிக் கோட்டையின் தலைவனாக இருந்த தேசிங்கு 1714ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்டான். அவன் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானான் என்பது வரலாறு. தன் வாளைத் தானே மார்பில் ஏற்றான் என்பது கதைப்பாடல். இவ்வேறுபாட்டைப் பாடகரின் கற்பனை மிகை என்று ஒதுக்காமல், வீரநெறி பற்றிய ஒரு கருத்தின் வெளிப்பாடாகக் கொள்ளலாம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அதற்கு ஹோமரின் இலியத் காப்பியமும் புறநானூற்று மரபும் ஒப்பீட்டுக் கருவிகளாகின்றன.

திறவுச்சொற்கள்: தேசிங்குராசன் கதை, செஞ்சி, கதைப்பாடல், இலியத், வீரநெறி, வடக்கிருத்தல், புகழ்

முன்னுரை

தமிழ் வீரநிலைப் பாடல்களைக் கிரேக்க வீரநிலைப் பாடல்களோடு ஒப்பிடும் ஆய்வுக்கு உறுதியான அடித்தளம் இட்டவர் க. கைலாசபதி. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில் அவர் செய்த ஆய்வு 1968இல் நூலாக வெளிவந்தது. சங்கப் புறப்பாடல்கள் பாணர் மரபில் எழுந்த வாய்மொழிப் பாடல்கள் என்பதும், அவற்றின் வீரர் உலகம் ஹோமரின் வீரர் உலகோடு ஒத்த சமூக நிலையைச் சார்ந்தது என்பதும் அந்நூலின் முடிபுகள். அதன்பின் வந்த ஒப்பீடுகள் பெரும்பாலும் சங்க இலக்கிய எல்லைக்குள்ளேயே நின்றுவிட்டன. நெடிய கதையாக ஓடுவதும், பாடகரின் குரலில் நிகழ்த்தப்படுவதும், ஒரே போரைச் சுற்றி அமைவதும் காப்பிய இயல்புகள். இவை தனிநிலைச் செய்யுள்களான புறப்பாட்டுகளைக் காட்டிலும் பிற்காலக் கதைப்பாடல்களிலேயே மிகுதி. அவ்வகையில் இலியத்துக்கு அருகில் வைத்து நோக்கத்தக்கது தேசிங்குராசன் கதை.

ஒற்றுமைகளை அடுக்குவது எளிது. இரண்டிலும் இளவயதில் சாவை அறிந்தே ஏற்கும் தலைவன் இருக்கிறான்; அவன் உயிருக்கு நிகரான நண்பனும், பெயர் சொல்லிப் பாராட்டப்படும் குதிரையும், பின்தங்கி நிற்கும் மனைவியும், இடைப்படும் தெய்வமும் உள்ளனர். ஆயினும் ஒற்றுமைப் பட்டியலால் விளங்குவது குறைவு. இரு பாடல்களும் எங்குப் பிரிகின்றன, ஏன் பிரிகின்றன என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

செஞ்சிப் போர்: வரலாறும் பாடலும்

இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று குன்றுகளை இணைத்து எழுந்த செஞ்சிக் கோட்டை, 1677இல் சிவாஜியின் கைக்கு வந்தது. பின்னர் இராசாராம் அங்குத் தங்கியிருந்தபோது முகலாயர் நீண்ட முற்றுகையிட்டு 1698இல் அதைக் கைப்பற்றினர். ஔரங்கசீப்பின் ஆணைப்படி பந்தேலா இராசபுத்திரரான சொரூப்சிங் கோட்டைத் தலைவரானார். 1714இல் அவர் மறைந்தபோது, மகன் தேஜ்சிங் வடக்கிலிருந்து வந்து பொறுப்பேற்றான். தமிழ் வாயில் ‘தேசிங்கு’ ஆனவன் இவனே. தந்தை செலுத்தாது விட்ட நிலுவைத் தொகையை நவாப் சாதத்துல்லாகான் கேட்டார், தேசிங்கு மறுத்தான். 1714 அக்டோபர் 3ஆம் நாள், சிறு குதிரைப்படையுடன் பெரும்படையை எதிர்த்து வீழ்ந்தபோது அவனுக்கு வயது இருபத்திரண்டு. இச்செய்திகளைத் திரட்டி ஆராய்ந்த சி. எஸ். சீனிவாசாச்சாரியின் செஞ்சி வரலாறு அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாக 1943இல் வந்தது.

கதைப்பாடல் இதே நிகழ்ச்சியை வேறு முறையில் கட்டுகிறது. தில்லிப் பாதுசாவின் அடங்காக் குதிரையைச் சிறுவனாகிய தேசிங்கு அடக்குகிறான். நீலவேணி அவன் குதிரை. மோவுத்துக்காரன் என்னும் இசுலாமிய நண்பன் அவன் தோழன். போர்ச் செய்தி எட்டும்போது தோழன் மணக்கோலத்தில் இருக்கிறான். மணத்தை விட்டுப் போருக்கு வருகிறான். சிங்கவரம் அரங்கநாதரிடம் தேசிங்கு விடை கேட்கிறான். தெய்வம் விடை தரவில்லை. சிங்கவரத்துக் குடைவரையில் பள்ளிகொண்ட பெருமாளின் முகம் திரும்பியிருப்பதற்கு இதனையே காரணமாக அவ்வூர் மக்கள் இன்றும் கூறுகின்றனர். போரில் நண்பன் மடிகிறான். பின்னர்த் தேசிங்கு தன் வாளை வானில் எறிந்து, மார்பைக் காட்டி, அது பாய்ந்து இறக்கிறான். அச்சு வடிவங்களுக்கும் வாய்மொழி வடிவங்களுக்கும் இடையே வேறுபாடுகள் உண்டு எனினும், பரவலாக அறியப்பட்ட வடிவின் போக்கு இதுவே.

வரலாற்றுக் குண்டு பாடலில் வாளாக மாறியது எவ்வாறு என்பதை விளக்கும் முன், இரு பாடல்களிலும் ‘மதிப்பு’ எதனால் அளக்கப்படுகிறது என்பதைக் காண வேண்டும்.

மதிப்பின் அளவுகோல்

இலியத்தில் மதிப்பு என்பது கண்ணால் காணத்தக்க பொருளாகப் பங்கிடப்படுவது. போரில் கிடைத்தவற்றுள் வீரனுக்கு ஒதுக்கப்படும் சிறப்புப் பங்கைக் கிரேக்கர் ‘கெராஸ்’ என்றனர்; அதனால் வெளிப்படும் மதிப்பைத் ‘தீமே’ என்றனர். முதற் காண்டத்தில் அகமெம்னோன் அக்கிலீசின் பங்காகிய பிரிசேயிசைப் பறிக்கும்போது, பறிபோவது ஒரு பெண் மட்டுமன்று. படையினர் முன்னிலையில் அக்கிலீசுக்கு இருந்த இடமும் பறிபோகிறது. காப்பியம் முழுவதையும் இயக்கும் சினம் அங்கிருந்தே பிறக்கிறது. ஒன்பதாம் காண்டத்தில் அகமெம்னோன் பன்மடங்கு பரிசுகளை அளிக்க முன்வரும்போது அக்கிலீசு அவற்றை மறுக்கிறான். பரிசால் அளக்கப்படும் மதிப்பின் மீதே அவனுக்கு ஐயம் பிறந்துவிடுகிறது. நீண்ட வாழ்வா, அழியாப் புகழா என்னும் இரு ஊழ்களைப் பற்றி அவன் பேசுவதும் அங்கேதான்.

தேசிங்கின் கதையில் மதிப்பு, பெறுவதில் இல்லை. கொடுக்க மறுப்பதில் இருக்கிறது. நிலுவை என்பது ஆட்சிக் கணக்கில் ஒரு தொகை. பாடலில் அது தலைவணங்கலின் பெயர். செலுத்தினால் கோட்டை எஞ்சும், உயிரும் எஞ்சும். ஆனால் கோட்டைத் தலைவன் என்ற நிலை நவாபின் ஏவலாள் என்று சுருங்கிவிடும். இதே மறுப்பு பின்னாளில் கட்டபொம்மன் கதைப்பாடலிலும் உயிர்நாடியாகிறது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் வரி கேட்டு வருவோனே போர்க்களத்தைத் திறந்துவைப்பவன். வரிச்சுமையை நாள்தோறும் உணர்ந்த மக்கள், வடநாட்டிலிருந்து வந்து ஓராண்டுகூட ஆளாத இளைஞனைத் தம்முள் ஒருவனாகக் கொண்டதற்கு இம்மறுப்பு முதன்மைக் காரணமாகலாம். குலத்தாலும் மொழியாலும் அயலவனாகிய அவனைத் தமிழ்ப் பாடல் தன் தலைவனாக்கிக்கொண்டது எளிய செய்தி அன்று.

தொலைவிலிருந்து வரும் சாவு

இலியத்தின் போரில் கருவிகளுக்குள்ளும் உயர்வு தாழ்வு உண்டு. எதிர்நின்று வேலெறிவதும் வாள் வீசுவதும் வீரம். தொலைவில் நின்று அம்பெய்வது ஐயத்துக்குரியது. பதினோராம் காண்டத்தில் பாரிசின் அம்பு தியோமிதீசின் பாதத்தைத் துளைக்கிறது. துளைபட்டவன் வலியைப் பொருட்படுத்தாது, எய்தவனை இகழ்ந்துரைக்கிறான். அம்பால் அடிபட்டது அவனுக்கு இழிவாகவில்லை. அம்பெய்ததே எய்தவனுக்கு இழிவாகிறது.

இந்நெறிக்கு ஒரு பெரிய இடர் காத்திருந்தது. வீரருள் தலையாய அக்கிலீசே பாரிசின் கையால் மாள வேண்டியவன் என்பது கிரேக்கர் அறிந்த கதை. ஹோமர் அச்சாவைக் காப்பியத்துக்குள் நிகழவிடவில்லை. பத்தொன்பதாம் காண்டத்தில் குதிரையாகிய சாந்தோஸ் வாய்திறந்து அதை முன்னுரைக்கிறது; இருபத்திரண்டாம் காண்டத்தில் இறக்கும் ஹெக்டர் கொல்லப்போவோரின் பெயரையும் இடத்தையும் கூறுகிறான். பாரிசின் பெயரோடு அப்பொல்லோ தெய்வத்தின் பெயரும் அங்கே சேர்கிறது. கொன்றவன் தகுதியற்றவனாயின் தெய்வத்தைத் துணையாக்கிச் சாவை உயர்த்துவது ஹோமரின் முறை. பத்ரோக்ளஸ் வீழும்போதும் முதலில் தாக்குவது அப்பொல்லோவே. ஹோமரின் வீரநெறி கேட்கும் வினா, ‘கொன்றவன் யார்?’ என்பது.

செஞ்சியில் தேசிங்கை வீழ்த்திய குண்டு அம்பினும் கொடிய சிக்கலைப் பாடகருக்குத் தந்திருக்கும். அம்பெய்தவனுக்குப் பெயராவது உண்டு. படைத்திரளிலிருந்து வந்த குண்டுக்கு அதுவும் இல்லை. ஆயினும், பாடகர் ஹோமரைப் போலக் கருவியை இகழ்ந்தே குண்டை விலக்கினார் என்று முடிவு செய்வது பொருந்தாது. தமிழ் மரபில் வில்லுக்கு இழுக்கில்லை. வல்வில் ஓரியின் புகழே வில்லால் வந்தது. செஞ்சிக்கு மேற்கே உள்ள செங்கம் வட்டார நடுகற்களில் உடலில் அம்பு தைத்த நிலையில் வீரர்கள் செதுக்கப்பட்டுள்ளனர். அவை இகழ்ச்சிக்காக நட்டவை அல்ல. ஆதலின் குண்டு விலக்கப்பட்டதற்கான காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

வாளால் போழ்தல்

புறநானூறு கேட்கும் வினா, ‘ஏற்றவன் எவ்வாறு ஏற்றான்?’ என்பது. புண் மார்பில் பட்டதா, முதுகில் பட்டதா என்பதே அங்கு முதன்மை. மகன் புறமுதுகிட்டு மாண்டான் எனக் கேட்ட முதிய தாய், களத்தில் பிணங்களைப் புரட்டி உண்மை காணும் 278ஆம் பாட்டு இதற்குப் புகழ்பெற்ற சான்று. வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனோடு பொருத பெருஞ்சேரலாதன், மார்பிற் பாய்ந்த படை முதுகிலும் புண் செய்ததற்கு நாணி வாளோடு வடக்கிருந்தான். 65, 66ஆம் பாட்டுகள் அவனைப் பாடுகின்றன. 66ஆம் பாட்டு, வென்ற கரிகாலனைக் காட்டிலும் அவன் நல்லன் அல்லனோ என்று வெற்றி பெற்றவன் முன்னிலையிலேயே வினவுகிறது. பகைவன் தந்த சாவுக்குக் காத்திராமல், தன் சாவைத் தானே மேற்கொண்டதால் தோற்றவன் உயர்கிறான்.

இதனினும் நெருங்கிய சான்று 93ஆம் பாட்டு. நோயால் இறந்த அரசரைத் தருப்பையில் கிடத்தி வாளால் போழ்ந்து அடக்கும் வழக்கத்தை ஔவையார் அங்குக் குறிப்பிடுகிறார். பிறந்து இறந்த குழவியையும் வாளால் பிளப்பர் என்னும் செய்தி 74ஆம் பாட்டில் உள்ளது. சாவு வந்த வகை வீரனுக்குத் தகாததாயின், அவனைச் சார்ந்தோர் பின்னர் அதைத் திருத்தினர். வாள் காணாத உடலுக்கு வாட்புண் தந்து, அவனை வீரர் உலகுக்கு அனுப்பினர்.

தேசிங்கின் கதைப்பாடல் செய்திருப்பதும் இதுவே எனலாம். குண்டு வீரனுக்குத் தன் சாவை ஏற்கும் இடைவெளியைத் தருவதில்லை. ஏற்பதோ மறுப்பதோ நிகழும் முன் அது முடிந்துவிடுகிறது. மார்பில் பட்டாலும் அது ‘ஏற்ற’ புண் ஆகாது. எனவே பாடகர், தருப்பையில் கிடத்திப் போழ்ந்தோரைப் போல, வரலாறு தந்த சாவைப் பாட்டால் போழ்கிறார். வாள் மேலே எழுந்து கீழே இறங்கும் அச்சிறு இடைவெளியில் தலைவன் தன் சாவுக்குத் தானே உரியவன் ஆகிறான். வாள் பாயும் இடமும் மார்பு. வடக்கிருத்தலும் விழுப்புண்ணும் ஒரே காட்சியில் இணைந்துவிடுகின்றன. தூக்குக் கயிற்றைக் கட்டபொம்மன் தானே கழுத்தில் மாட்டிக்கொண்டான் என வழங்கும் மக்கள் கூற்றும் இந்நெறியின் தொடர்ச்சியே. இப்பாடலைக் கட்டியவர் புறநானூற்றைக் கற்றிருந்தார் என்று இதனால் கொள்ள வேண்டியதில்லை. ஏட்டில் உறங்கிய நெறி வழக்கில் உயிரோடிருந்தது என்பதே பெறப்படும்.

நண்பனின் சாவு

இவ்விளக்கத்துக்கு ஒரு மறுப்பு எழலாம். தேசிங்கு தன்னை மாய்த்துக்கொள்வதற்குப் பாடல் தரும் காரணம் நண்பனின் பிரிவு. அதில் குண்டை விலக்கும் நோக்கம் எங்கே என்பது அம்மறுப்பு. இது பொருட்படுத்தத்தக்கது. ஆனால் நண்பனின் சாவு தலைவனைத் தற்சாவுக்கு இட்டுச் செல்வது கதையின் கட்டாயம் அன்று என்பதை இலியத் காட்டுகிறது. பத்ரோக்ளஸ் இறந்த செய்தியை அந்திலோக்கஸ் கொண்டுவரும் பதினெட்டாம் காண்டத்தில், அக்கிலீசு புழுதியை வாரித் தலையில் இட்டுப் புரள்கிறான். அவன் தன் கழுத்தை அறுத்துக்கொள்வானோ என அஞ்சி அந்திலோக்கஸ் அவன் கைகளைப் பற்றிக்கொள்கிறான். இரு பாடல்களும் மிக அருகில் வந்து பிரியும் இடம் இது. தடுக்கப்பட்ட அத்துயரம் பழியுணர்வாக மாறுகிறது. ஆறு நீரோட முடியாதபடி பிணங்கள் நிறைகின்றன. ஹெக்டரின் உடல் தேரில் கட்டி இழுக்கப்படுகிறது. துயரத்தின் வாள் பகைவர் மேல் பாய்கிறது.

தேசிங்கின் வாள் அவன் மேலேயே பாய்கிறது. கிரேக்க மரபிலும் தன் வாளில் வீழ்ந்த வீரன் உண்டு, அவன் அயாஸ். ஆனால் அக்கிலீசின் படைக்கலம் தனக்குக் கிடைக்காத அவமதிப்பில் அவன் மாள்கிறான். மதிப்பு மறுக்கப்பட்டவனின் சாவு அது. மதிப்பை நிறைவு செய்யும் சாவு அன்று. தேசிங்கின் முடிவுக்கு நேரான கிரேக்க எடுத்துக்காட்டாக அதனைக் கொள்ள இயலாது. நண்பனுக்காக உயிர்விடல், கோப்பெருஞ்சோழனோடு வடக்கிருந்த பிசிராந்தையாரை நினைவூட்டும் தமிழ் நெறி. சமயம் வேறுபட்ட இருவரை அந்நெறிக்குள் கொண்டுவந்தது கதைப்பாடலின் தனிச்சிறப்பு. நவாபின் படையை எதிர்த்து நிற்கும் கதையில் தலைவனின் உயிர்த்தோழன் இசுலாமியன். இப்பகையைச் சமயப் பகையாகப் படிப்போருக்குப் பாடல் இடம் தரவில்லை.

திரைக்கு அப்பால்

இலியத்தின் ஆறாம் காண்டத்தில் ஹெக்டரும் அந்திரோமக்கியும் கோட்டை வாயிலருகே சந்திக்கின்றனர். தலைக்கவசத்தின் குஞ்சத்தைக் கண்டு குழந்தை அழ, பெற்றோர் சிரிக்கின்றனர். அந்திரோமக்கி போருக்குப் போகாதே என்று மட்டும் கூறவில்லை. மதிலின் எப்பகுதி வலுவற்றது என்றும் படையை எங்கே நிறுத்தலாம் என்றும் எடுத்துரைக்கிறாள். கணவன் இறந்தபின் அவள் உயிரோடிருக்கிறாள். மகனின் எதிர்காலத்தையும் தன் அடிமை வாழ்வையும் எண்ணிப் புலம்புகிறாள். வீரத்தின் விலையைக் கணக்கிட்டுச் சொல்லும் குரல் காப்பியத்தின் இறுதிவரை ஒலிக்கிறது.

தேசிங்கின் மனைவி இராணிபாய் திரைக்கு அப்பால் நின்று விடைதருகிறாள். கணவன் இறந்தபின் தீப்புகுகிறாள். தலைவனுக்குத் தன் சாவைத் தானே தேர்ந்த பெருமையை வழங்கிய பாடல், அதே இலக்கணத்தை அவளுக்கும் நீட்டிப்பதாகத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. செலுத்தலாம், செலுத்தாதிருக்கலாம் என்ற இரு வழிகள் தேசிங்கின் முன் இருந்தன; அவற்றுள் ஒன்றை அவன் தேர்ந்ததைப் பாடல் நெடுகக் காட்டுகிறது. இராணிபாயின் முன் வேறு வழி இருந்ததாகப் பாடல் காட்டவே இல்லை. தேர்வு இல்லாத இடத்தில் தேர்வின் பெருமையைச் சூட்டுவது பாடலின் குறை. தடுக்கும் குரலை அது மனைவிக்குத் தராமல் சிங்கவரத்துத் தெய்வத்துக்குத் தந்திருக்கிறது. அத்தெய்வமும் முகம் திருப்பிக்கொள்கிறது. போர் வீட்டுக்குள் செய்யும் அழிவைப் பேசுவதில் ஹோமரின் பாடல் இதனினும் நேர்மையானது என்றே கூற வேண்டும்.

பகைவன் செய்த சிறப்பு

இலியத் வெற்றியோடு முடியவில்லை. ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிகிறது. மகனைக் கொன்ற கைகளை முத்தமிட்டு உடலை வேண்டும் பிரியமும், தன் தந்தையை நினைத்து அழும் அக்கிலீசும் ஒரே கூரையின்கீழ் உண்ணும் இருபத்து நான்காம் காண்டம், பகைவனின் மதிப்பால் வீரன் நிறைவு பெறுவதைக் காட்டுகிறது. செஞ்சியின் வழக்கும் இத்தகைய முடிவை நாடுகிறது. வீழ்ந்தவனுக்கு நவாப் உரிய சிறப்போடு ஈமக்கடன் செய்வித்தார் என்றும், இராணிபாயின் நினைவாகவே இராணிப்பேட்டைக்கு அப்பெயர் வந்தது என்றும் மரபு கூறும். கடலி என்னும் ஊரில் தேசிங்கின் நினைவிடமும், நீலாம்பூண்டியில் நண்பனுக்கும் நீலவேணிக்கும் உரியனவாகச் சொல்லப்படும் அடக்கவிடங்களும் உள்ளன. நண்பனையும் குதிரையையும் அருகருகே நினைவுகூரும் நிலப்பரப்பு பாடலின் மற்றொரு படியாகவே விளங்குகிறது.

2025இல் மராத்தியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சி யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாயிற்று. கோட்டையின் அரணமைப்புக்குக் கிடைத்த அவ்வேற்பு தகுதியானதே. எனினும் தேசிங்கின் நினைவு மதிலுக்குள் இல்லை. மதிலை விட்டு வெளியேறி அவன் பொருத சமவெளியிலும், அதைப் பாடிய வாயிலும் உள்ளது. கோட்டையைக் காக்கும் முயற்சியோடு கதைப்பாடலின் வாய்மொழி வடிவங்களை ஒலிப்பதிவு செய்து ஒப்பிட்டுப் பதிப்பிக்கும் முயற்சியும் சேர வேண்டும்.

முடிவுரை

வரலாற்றோடு மாறுபடும் இடத்தைக் கதைப்பாடலின் பிழையாகக் காண்பது ஆய்வில் வேரூன்றிய வழக்கம். தேசிங்கின் சாவைப் பொறுத்தவரை அம்மாறுபாடே பாடலின் கருத்தைத் தாங்கி நிற்கிறது. தகாத சாவை நேர்ந்தபோது ஹோமரின் மரபு கொன்றவனுக்குத் தெய்வத்தைத் துணையாக்கியது. தமிழ் மரபு இறந்தவனுக்கே தன் சாவின் மீது உரிமை அளித்தது. முன்னது ‘கொன்றவன் யார்’ என்ற வினாவுக்கும், பின்னது ‘ஏற்றவன் எவ்வாறு ஏற்றான்’ என்ற வினாவுக்கும் விடை. அவ்விடையின் பெருமையைத் தலைவனுக்கு வழங்கிய பாடல், திரைக்கு அப்பால் நின்றவளுக்கு அதை வழங்கவில்லை என்பதையும் சேர்த்தே அதை மதிப்பிட வேண்டும்.

இவ்வாய்வு தேசிங்கின் கதை ஒன்றோடு நின்றது. கான்சாகிபு, கட்டபொம்மன், மருது சகோதரர் ஆகியோரைப் பற்றிய கதைப்பாடல்களிலும் சாவு எவ்வாறு மாற்றிக் கட்டப்படுகிறது என்பதை ஒருங்கே ஆராய்ந்தால், துப்பாக்கியின் வருகைக்குப் பின் தமிழரின் வீரநெறி தன்னை எவ்வாறு காத்துக்கொண்டது என்பது மேலும் தெளிவாகும்.